காட்டூரில் எங்கே?

1870களில் கோயம்புத்தூரில் படித்த ஒரு மாணவர், பள்ளி மணி அடிக்கும்வரை உள்ளே போகமாட்டார். வெளியே எங்காவது ஒதுங்கி உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்து எல்லோரும் வகுப்புக்குள் போன பிறகுதான் நுழைவார். வகுப்பு கலைந்ததும் மற்ற மாணவர்கள் எட்டிப் பிடிக்க முடியாத வேகத்தில் வீட்டைப் பார்த்து நடந்துவிடுவார். பாடம் வராதவர் இல்லை. யாரிடமும் வம்பு வளர்த்தவரும் இல்லை. அவர் பயந்தது ஒரு கேள்விக்கு. நெருங்கிப் பழகினால் வீடு எங்கே என்று கேட்பார்கள், சொந்தக்காரர்கள் யார் என்று கேட்பார்கள், அப்புறம் சாதி தெரிந்துவிடும். தெரிந்த மறுநாளே நடத்தும் விதம் மாறிவிடும்.

அந்த மாணவர்தான் தாத்தா இரட்டைமலை சீனிவாசன். மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்தவர். 1939-இல் வந்த 'ஜீவிய சரித்திர சுருக்கம்' நூலில் இதை அவரே எழுதிவைத்திருக்கிறார். சுமார் 400 பேர் படித்த அந்தக் கலாசாலையில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள் என்கிறார். மற்ற பிள்ளைகளோடு கூடி விளையாட முடியாததை நினைத்து மனம் கலங்கியதையும் மறைக்காமல் சொல்கிறார். நம் மேடைகளில் அவரைப் பற்றிப் பேசும்போது வட்டமேசை மாநாட்டில் இருந்துதான் தொடங்குவார்கள். பள்ளிக்கு வெளியே மணி அடிக்கக் காத்திருந்த அந்தப் பையனைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசும்போதெல்லாம் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பையன்தான்.

திருச்சியில் இருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் அரியமங்கலத்தைத் தாண்டினால் காட்டூர். அதற்கப்பால் திருவெறும்பூர், பெல் நிறுவனம், துவாக்குடி. ஆதிதிராவிடர் நலப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்று காட்டூரில் இருக்கிறது. இங்கிருந்து கல்லூரிக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம் பஸ் ஏறினால் சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள பழைய கல்லூரிகள். எதிர்ப்பக்கம் ஏறினால் துவாக்குடியில் என்.ஐ.டி.யும் அரசு கலைக் கல்லூரியும். எந்தப் பக்கம் போனாலும் முதல் வாரத்தில் வரும் கேள்வி ஒன்றுதான். "வீடு எங்கே?" காட்டூர் என்று சொன்னால் அதோடு முடிவதில்லை. "காட்டூரில் எங்கே?" என்று அடுத்த கேள்வி வரும். முதல் கேள்வி ஊரைக் கேட்கிறது. இரண்டாவது கேள்வி தெருவைக் கேட்கிறது.

கேட்கிறவர் சில நேரம் வெள்ளந்தியாகவே கேட்கலாம். பதில் சொல்ல வேண்டிய பிள்ளைக்கு அது வெள்ளந்தியான கேள்வி இல்லை. அதற்காகவே ஒரு பதில் தயாராக இருக்கும்: மெயின் ரோடு பக்கம், பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால், அந்தப் பெட்ரோல் பங்க் இருக்குல்ல, அதுகிட்ட. அரசு விடுதியில் தங்கியிருப்பவர்கள் பிரைவேட் ஹாஸ்டல் என்று சொல்லிவிடுவார்கள். இவ்வளவு காத்தும் ஒரு நாள் வகுப்பு வாசலில் அலுவலகப் பணியாளர் வந்து நின்று, எஸ்.சி. ஸ்காலர்ஷிப் ஃபார்ம் வந்திருக்கிறது, அந்தப் பிள்ளைகள் எல்லாம் எழுந்து வாங்க என்பார். மூன்று மாதம் காப்பாற்றிய ரகசியம் மூன்று நிமிடத்தில் போய்விடும். இது ஏதோ ஒரு கல்லூரியில் ஒரு முறை நடந்த கதை அல்ல. படிக்கிறவர்கள் பலருக்கு இதைச் சொன்னதும் அந்த நாள் நினைவுக்கு வந்திருக்கும்.

இதற்குக் கல்லூரிகள் கைவசம் வைத்திருக்கும் மருந்தின் பெயர் ஆளுமை வளர்ச்சி வகுப்பு. வெளியில் இருந்து ஒருவர் கோட்டுப் போட்டுக்கொண்டு வருவார். கண்ணைப் பார்த்துப் பேசு, கூச்சத்தை விடு, தாழ்வு மனப்பான்மையைத் தூக்கி எறி என்பார். அதெல்லாம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் தடுமாறாமல் பேசப் பழகுவது நல்லதுதான், வேலைக்கு உதவும். ஆனால் அந்த வகுப்பு ஒரு விஷயத்தை ஓசையில்லாமல் நம் பிள்ளைகளின் தலையில் ஏற்றிவிடுகிறது. உன் பயம் உனக்குள் இருக்கும் குறை, அதை நீயே சரிசெய்துகொள் என்கிறது. கோயம்புத்தூர் பையனிடம் இருந்த குறை என்ன? அவர் நினைத்துப் பயந்தது நடக்கக்கூடியதுதானே? நடக்கக்கூடியதை எதிர்பார்த்து ஒதுங்குவதைத் தாழ்வு மனப்பான்மை என்று எப்படிச் சொல்வது? அது கண்ணெதிரே இருக்கும் உலகத்தைச் சரியாகப் படித்துக்கொண்ட புத்தி.

திருச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரிகளின் ஊர் என்று பெருமையாகச் சொல்கிறோம், உண்மையும்கூட. 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய செயின்ட் ஜோசப் கல்லூரி 1883-இல் இங்கே வந்தது. நேஷனல் கல்லூரி 1919. ஹோலி கிராஸ் 1923. ஜமால் முகமது 1951. துவாக்குடி வட்டாரப் பொறியியல் கல்லூரி 1964. பெரியார் ஈ.வெ.ரா. கல்லூரி 1965. இவ்வளவு கல்லூரிகள் உள்ள ஊரில்தான், மேலப்புதூரில், செத்த பிறகும் பிரித்து வைப்பதற்காகக் கல்லறைத் தோட்டத்துக்குள் ஒரு சுவர் எழுப்பப்பட்டிருந்தது. தலித் கிறித்தவர்களுக்குத் தனிப் பக்கம். புதைகுழியிலேயே பக்கம் பார்க்கும் ஊரில் வகுப்பறை பெஞ்சில் பக்கம் பார்க்கமாட்டார்கள் என்று ஒரு பிள்ளை எதை வைத்து நம்பும்?

இந்தச் சண்டை இங்கே புதிதும் அல்ல. 1833-இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது, உட்காரும் இடத்திலும் திருவிருந்திலும் பிரிவு இருக்கக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் வேளாளக் கிறித்தவர்கள் கொதித்தார்கள். பலர் சபையை விட்டே விலகினார்கள். அதற்கு ஏழு வருடம் முன்பு, 1826 ஏப்ரல் 3 அன்று, திருச்சியில் குளிக்கும்போது இறந்துபோன ஆயர் ஹீபர் இந்த விஷயத்தில் மென்மையாகப் போகலாம் என்று நினைத்தவர். அவர் பெயரில் புத்தூரில் ஒரு கல்லூரி இன்றும் இருக்கிறது. வில்சன் பெயரை ஊரில் யாருக்கும் தெரியாது. வரலாறு யாரை நினைவில் வைத்துக்கொள்கிறது என்பதற்கு இதுவும் ஒரு கணக்கு.

சீனிவாசனுக்குத் திரும்புவோம். படிப்பை முடித்து நீலகிரியில் வெள்ளைக்காரர் நிறுவனத்தில் கணக்கராக ஏறக்குறைய பத்து ஆண்டு வேலை பார்த்தார். 1890-இல் சென்னைக்கு வந்தார். 1893 அக்டோபரில் ஒரு பத்திரிகை தொடங்கினார். நாலு பக்கம். முதலில் மாதப் பத்திரிகை, சீக்கிரமே வாரப் பத்திரிகையானது. அதற்கு அவர் வைத்த பெயர் 'பறையன்'.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானித்து யோசிக்க வேண்டும். யாராவது சாதியைக் கேட்டுவிடுவார்களோ என்று வகுப்பு கலைந்ததும் ஓடிப்போன பையன், இருபது ஆண்டுகளுக்குள், அந்தச் சொல்லையே அச்சில் பெரிய எழுத்தில் போட்டு, சென்னைத் தெருவில் கூவி விற்கவைக்கிறார். முதல் இதழ் வந்த இரண்டே நாளில் சென்னையில் மட்டும் சுமார் 400 பிரதிகள் விற்றதாக எழுதியிருக்கிறார். என் இனத்தார் தாங்கள் இன்னார் என்று சொல்லிக்கொண்டு முன்னால் வராதவரை சுதந்திரம் கிடைக்காது என்பது அவர் கண்ட முடிவு. அதே 1893-இல், இந்தியாவில் ஐ.சி.எஸ். தேர்வு நடத்தினால் அது ஆதிக்க சாதிக்காரர்களையே அதிகாரத்தில் உட்காரவைக்கும் என்று 3,412 பேர் கையெழுத்துப் போட்ட மனுவை பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். பள்ளிக்கூடத்தில் ஒருவனாக ஒளிந்தவர், சென்னையில் 3,412 பேரில் ஒருவராக நின்றார். அவருக்குள் இருந்த கூச்சத்தைப் போக்கியது எந்த வகுப்பும் அல்ல. தன் பக்கத்தில் ஆள் இருக்கிறது என்ற நிலைமை அதைப் போக்கியது.

அதே காலத்தில் பண்டிதர் அயோத்திதாசர் வேறு பாதையில் போனார். சீனிவாசனுக்கு அவர் உறவுக்காரரும்கூட, தங்கையைக் கட்டியவர். 'பறையன்' என்ற சொல்லை நாம் ஏன் சுமக்க வேண்டும், அது பகைவர் நம்மேல் எறிந்த பெயர், நாம் பூர்வ பௌத்தர்கள், சாதி பேதமற்ற திராவிடர்கள் என்றார். 1907-இல் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழ் முழுக்க இந்த வாதம் ஓடியது. மூன்றாவதாக எம்.சி. ராஜா. பள்ளி ஆசிரியராக இருந்தவர், பாடநூல்கள் எழுதியவர். சென்னைச் சட்டமன்றத்தில் 1922 ஜனவரியில் தீர்மானம் கொண்டுவந்தார். பஞ்சமர், பறையர் என்று அரசு எழுதுவதை நிறுத்த வேண்டும், தமிழ்ப் பகுதிகளில் ஆதிதிராவிடர் என்றும் தெலுங்குப் பகுதிகளில் ஆதி ஆந்திரர் என்றும் எழுத வேண்டும் என்றார். அந்த ஆண்டு மார்ச்சில் அரசாணையும் வந்தது. இன்றைக்கும் நம் சான்றிதழில் இருக்கும் பெயர் அப்படி வந்ததுதான்.

ஒருவர் அந்தப் பெயரை நெஞ்சில் குத்திக்கொண்டார். ஒருவர் அதை மறுத்து அதற்கு முந்தைய பெயரைத் தேடினார். ஒருவர் சட்டத்தால் மாற்றினார். மூவருக்குள் கடுமையான சண்டைகள் நடந்தன. யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் வரவில்லை. இன்றைய மாணவர்களிலும் மூன்று வகையும் இருக்கிறார்கள். பைக்கில் நீலக்கொடி ஒட்டுகிறவர் இருக்கிறார். நான் தலித் இல்லை, பௌத்தர் அல்லது தமிழர் என்கிறவர் இருக்கிறார். எதையும் சொல்லிக்கொள்ளாமல் படிப்பை முடித்து வேலைக்குப் போய்விட நினைக்கிறவரும் இருக்கிறார். அப்படி நினைப்பவரை இயக்கத்துக்காரர்கள் கோழை என்று கேலி செய்வதைப் பார்த்திருக்கிறோம். நமக்கு அது பிடிப்பதில்லை. வெளியே சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் அவரவர் விருப்பமாக இருந்தால் ஆரோக்கியம். சொல்ல முடியாமல் இருப்பதுதான் நோய்.

அந்த நோய் எவ்வளவு பெரிய படிப்புக்குப் பிறகும் விடாது என்பதற்கு அண்ணல் அம்பேத்கரின் 1917-ஆம் ஆண்டு போதும். 1913-இல் நியூயார்க் போனார். கொலம்பியா பல்கலைக்கழக விடுதியில் தங்கினார். வாழ்க்கையில் தனக்குக் கிடைத்த மிக நல்ல நண்பர்களில் சிலர் கொலம்பியா வகுப்புத் தோழர்கள் என்று பின்னாளில் சொன்னார். அங்கே யாரும் தெருவைக் கேட்கவில்லை. ஐந்து ஆண்டுகள் மேலைநாடுகளில் இருந்ததில், தான் தீண்டத்தகாதவன் என்ற நினைப்பே மனசில் இருந்து அழிந்துபோயிருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். பிறகு பரோடா சமஸ்தானத்தில் வேலைக்கு வந்து இறங்கினார். ரயில் நிலையத்தில் நிற்கும்போதே எங்கே தங்குவது என்ற கேள்வி வந்துவிட்டது. இந்து விடுதிகளில் சேர்க்கமாட்டார்கள். பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைக் கொடுத்துத் தங்கினார். பதினோராம் நாள் காலை தடியோடு பத்துப் பன்னிரண்டு பார்சிக்காரர்கள் வந்து, யார் நீ என்று கேட்டு, சாயங்காலத்துக்குள் காலி செய்யச் சொன்னார்கள். அன்று அவர் பொதுப் பூங்கா ஒன்றில் போய் உட்கார்ந்திருந்தார். பொருளாதாரத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவர். கொலம்பியாவில் ஆய்வேடு எழுதியவர். லண்டனிலும் படித்தவர். அவரிடம் தன்னம்பிக்கை குறைவு என்று எந்தப் பயிற்சியாளர் சொல்வார்?

இடம் மாறினால் மனசு மாறுகிறது என்பது அவர் உடம்பில் பட்டு அறிந்த பாடம். அதனால்தான் பின்னாளில் கல்வி என்று யோசித்தபோதெல்லாம் பணத்தோடு இடத்தையும் சேர்த்தே யோசித்தார். 1942-இல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானதும் தாழ்த்தப்பட்டோர் குறைகளைப் பட்டியலிட்டு வைஸ்ராயிடம் மனு கொடுத்தார். பட்டியல் சாதி மாணவர்களின் உயர்கல்விக்கு ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் ஒதுக்க வைத்தார். நாம் இன்று போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் என்று சொல்லும் உதவித்தொகையின் வேர் 1944-இல் தொடங்கிய அந்தத் திட்டம். 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். 1946-இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி, 1950-இல் ஔரங்காபாத்தில் மிலிந்த் கல்லூரி. மிலிந்த் கல்லூரிக்கு வந்தவர்கள் மராத்வாடாவின் வறண்ட கிராமங்களில் இருந்து, வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள். அவர்களுக்கு அங்கே விடுதி இருந்தது. யாருக்கும் பயப்படாமல் பேசலாம்.

அதில் இருந்து என்ன விளைந்தது என்று பாருங்கள். மிலிந்த் கல்லூரி வட்டத்தில் இருந்து 1960களின் கடைசியில் கங்காதர் பந்தாவணேயின் 'அஸ்மிதாதர்ஷ்' இதழ் வந்தது. அஸ்மிதா என்றால் அடையாளம், தன்மானம். அடையாளத்தின் கண்ணாடி என்று அந்தப் பெயருக்கு அர்த்தம். மராத்தி தலித் இலக்கியம் அந்த இதழில் வளர்ந்தது. பம்பாய் வடாலாவில் சித்தார்த்தா விகார் விடுதி 1972-இல் பிறந்த தலித் பேந்தர்களுக்குக் கூடாரமாக இருந்தது. தமிழ்நாட்டிலும் 1990–91 அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி விடுதி அறைகளில் வாசிப்பு வட்டங்கள் நடந்தன. இன்று ஐம்பது வயதைத் தாண்டிய நம் தோழர்கள் பலர் அரசியல் பேசப் பழகியது அரசு விடுதி மொட்டை மாடியில்தான். சாப்பாடு மோசம், தண்ணீர் வராது, மூட்டைப்பூச்சி என்று எல்லாக் குறையும் சொல்வார்கள். சொல்லிவிட்டு, அந்த நாட்கள்தான் எங்களை மனுசனாக்கியது என்பார்கள். இரண்டும் உண்மை.

விடுதிக்கு இவ்வளவு முக்கியத்துவம் கொடுத்துப் பேசுவதால் இன்றைய விடுதிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2025 ஜூலை 7 அன்று தமிழ்நாடு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் நலத்துறைகளின் விடுதிகள் எல்லாம் இனிமேல் சமூகநீதி விடுதிகள் என்று அழைக்கப்படும் என அறிவித்தார். 2,739 விடுதிகள், 1,79,568 மாணவர்கள் என்பது அன்று அரசு சொன்ன கணக்கு. ஜூலை 7 இரட்டைமலை சீனிவாசன் பிறந்த நாள். தற்செயலோ, திட்டமோ, 'பறையன்' என்று பத்திரிகைக்குப் பெயர் வைத்தவர் பிறந்த நாளில் சாதிப் பெயர் விடுதிப் பலகையில் இருந்து இறங்கியது. அதற்கு முன்பு ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களில் இருந்து நீக்குவதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். இரண்டுக்கும் பின்னால் நாங்குநேரி இருக்கிறது. 2023 ஆகஸ்டில் அங்கே ஒரு தலித் மாணவரும் அவர் தங்கையும் சக மாணவர்களால் வீட்டில் வைத்து வெட்டப்பட்டார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளின் பெயரில் உள்ள சாதி முன்னொட்டுகளை நீக்கச் சொல்லி 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது.

பலகை மாறியது நல்லதா? நம் தோழர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கிறது. ஆதிதிராவிடர் என்பது இழிசொல் இல்லை, நாம் போராடி வாங்கிய பெயர், அதை ஏன் எடுக்க வேண்டும் என்று மூத்தவர்கள் கேட்கிறார்கள். எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் நின்றதை நினைத்தால் அந்தக் கோபம் புரிகிறது. விடுதியில் தங்கிப் படிக்கும் பெண்பிள்ளைகளிடம் கேட்டால் வேறு பதில் வருகிறது. இனிமேல் அட்ரஸ் எழுதும்போது பேனா நிற்காது என்கிறார்கள். நாங்கள் அந்தப் பிள்ளைகள் பக்கம். தினமும் அந்தப் பலகைக்குக் கீழே நடந்து போகிறவர்கள் அவர்கள்தான். ஆனால் பேனா நிற்காமல் எழுதுவது ஒரு பாதி. உள்ளே தட்டில் என்ன விழுகிறது என்பது இன்னொரு பாதி. கல்லூரி விடுதி மாணவருக்கு உணவுப்படி 2023-இல் மாதம் 1,100 ரூபாயில் இருந்து 1,500 ஆக உயர்த்தப்பட்டது. உயர்த்திய பிறகும் ஒரு நாளைக்கு 50 ரூபாய், மூன்று வேளைக்கும் சேர்த்து. திருச்சியில் ஒரு வேளை சாப்பாடு என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். மாணவர் மனநலம் பற்றிக் கருத்தரங்கம் நடத்தும்போது இந்த 50 ரூபாயையும் ஒரு தலைப்பாக வைத்தால் நன்றாக இருக்கும்.

பெயர்ப் பலகை எல்லாவற்றையும் தீர்க்காது என்பதற்கு நம்மிடம் இன்னொரு சாட்சியும் உண்டு. 2008 நவம்பர் 12 அன்று சென்னை டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரியில் மாணவர்கள் உருட்டுக்கட்டையோடு மோதிக்கொண்டதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். போலீஸ் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. அதற்குத் தீப்பொறி தேவர் ஜெயந்திச் சுவரொட்டி. அதில் கல்லூரியின் பெயரை அச்சிட்டவர்கள் அம்பேத்கர் பெயரை மட்டும் விட்டுவிட்டார்கள். நல்ல பெயர் வைத்தாலும் அதைச் சொல்ல வாய் வராதவர்கள் உள்ளே இருந்தால் என்ன நடக்கும் என்பதை அன்று பார்த்தோம்.

பெரிய நிறுவனங்களில் வாசலில் அடி விழாது. அங்கே வேறு வகை. 2007-இல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரி பற்றிச் சுகதேவ் தோரட் குழு அறிக்கை தந்தது. கேலியும் தொந்தரவும் தாங்காமல் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் குறிப்பிட்ட விடுதிகளின் மேல் தளங்களுக்கு ஒதுங்கிப்போய் அங்கேயே சேர்ந்து வாழ்ந்ததை அந்தக் குழு பதிவு செய்தது. நாட்டின் முதல் மருத்துவக் கல்லூரியின் மாடியில் ஒரு சேரி. 2008-இல் சேலம் மாவட்டத்துச் செந்தில்குமார், பன்றி வளர்க்கும் பன்னியாண்டி சமூகத்தில் இருந்து ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வுக்குப் போனவர், விடுதி அறையில் உயிரை விட்டார். அதே பல்கலைக்கழகத்தில் 2016 ஜனவரி 17 அன்று ரோகித் வெமுலா. அங்கே படித்துவிட்டு ஜே.என்.யு. போன சேலத்து முத்துகிருஷ்ணன் 2017 மார்ச்சில். தமிழ்நாட்டுக்கு ஹைதராபாத் தூரம் என்று நினைக்க வேண்டாம். மூவரில் இருவர் நம் சேலத்துப் பிள்ளைகள்.

ரோகித்தின் கடைசி நாட்களில் நாம் கவனிக்க வேண்டியது, அவரிடம் இருந்து முதலில் பறிக்கப்பட்டது எது என்பது. உதவித்தொகை ஏழு மாதமாக வரவில்லை. அதன்மேல் அவரையும் மற்ற நால்வரையும் விடுதியில் இருந்து வெளியேற்றினார்கள். பாயையும் தலைவர்கள் படத்தையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, வளாகத்துக் கடைகளுக்கு நடுவில் திறந்த வெளியில் படுத்தார்கள். அந்த இடத்துக்கு 'வெலிவாடா' என்று பெயர் வைத்தார்கள். தெலுங்கில் ஊருக்கு வெளியே உள்ள சேரி என்று பொருள். பரோடாவில் பூங்காவில் உட்கார்ந்த அம்பேத்கருக்கும் வெலிவாடாவுக்கும் நடுவில் 99 ஆண்டுகள்.

இவர்களைப் பற்றிப் பேசும்போது ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். சாவை வீரம் ஆக்குகிற பேச்சு நம் இயக்கங்களிலேயே சில நேரம் வந்துவிடுகிறது. படிக்க வந்த பிள்ளை படித்து முடித்து, வேலைக்குப் போய், கிழவனாகி, பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்வதுதான் நமக்கு வேண்டிய வெற்றி. சீனிவாசன் 1945 வரை இருந்தார். மனசு தாங்கவில்லை என்றால் பக்கத்து அறைத் தோழரை எழுப்புங்கள், எந்த நேரமானாலும் சரி. அரசின் டெலிமானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம். அதைக் கூப்பிடுவது இயக்கத்துக்கு அவமானம் இல்லை.

ரோகித்தின் அம்மா ராதிகாவும், மும்பையில் 2019-இல் இறந்த பழங்குடி மருத்துவர் பாயல் தட்வியின் அம்மா ஆபேதாவும் சேர்ந்து அந்த ஆண்டே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். அவர்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2012-இல் போட்ட சமத்துவ விதிகளை நடைமுறைப்படுத்துங்கள் என்றார்கள். அந்த விதிகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் சம வாய்ப்புப் பிரிவு இருக்க வேண்டும், பாகுபாட்டுத் தடுப்பு அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். எழுத்தில் புகார் கொடுத்தால் 60 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2026 ஜனவரியில் மானியக் குழு புதிய விதிகளை அறிவித்தது. ஆதிக்க சாதித் தரப்பில் இருந்து எதிர்ப்பு கிளம்பியது. அந்த மாதம் முடிவதற்குள் உச்ச நீதிமன்றம் அவற்றை நிறுத்திவைத்து, 2012 விதிகளே தொடரட்டும் என்றது. பிள்ளைகளைப் பறிகொடுத்த இரண்டு தாய்மார் ஏழு ஆண்டு நடந்து, புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விடப்பட்டார்கள்.

ஆனாலும் 2012 விதிகள் கையில் இருக்கின்றன. திருச்சிக் கல்லூரிகளில் படிக்கும் தோழர்கள் இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் கல்லூரி அறிவிப்புப் பலகையில் பாகுபாட்டுத் தடுப்பு அலுவலரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் யார் அவர் என்று முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். உதவித்தொகை ஃபார்மை வகுப்பில் பெயர் கூப்பிட்டுக் கொடுக்காமல், அலுவலகத்தில் வந்து வாங்கிக்கொள்ளும்படி மாற்றச் சொல்லி அதே கடிதத்தில் ஒரு வரி சேருங்கள். தனியாகக் கையெழுத்துப் போட வேண்டாம். ஐந்தாறு பேர் சேர்ந்து போடுங்கள், வேறு சாதி நண்பர்கள் வந்தால் அவர்களையும் சேருங்கள். கடிதத்தின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ள மறக்காதீர்கள்.